திருகியவன் ஓட்டட்டும்

இங்கிலாந்தின் டிப்டன் ஊரில், விடியும் முன்பே கால்வாயின் பனி கார்ப் பட்டறைக்குள் நுழைந்துவிட்டிருந்தது. வெண்டெல் ஒரு வாடிக்கையாளரின் கார் என்ஜின் மேல் கவிழ்ந்து டம்ப் வால்வைக் கழற்றினான். இரும்பின் குளிர் விரல்நுனியைக் கடித்தது. உள்ளே பிஸ்டனில் பழைய எண்ணெய் பிசினாய் அப்பியிருந்தது. அதைத் துடைத்து, ரப்பர் வளையத்தை மாற்றி, கிரீஸை லேசாகப் பூசி மறுபடி மாட்டினான்.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் டர்போ என்ற காற்றழுத்தி நெருக்கி அனுப்பிய காற்றுக்குப் போக்கிடம் வேண்டும்; அதைத் திறந்துவிடுவதுதான் வால்வின் வேலை. தலையிலுள்ள திருகை மிகவும் இறுக்கினால் காற்று திரும்பிப்போய் டர்போவையே அடிக்கும். மிகவும் தளர்த்தினால் காது கிழியச் சீறும். பிறகு மூடாமலே நின்று என்ஜினை அணைத்துவிடும். போன வாரம் கூட வேலை செய்யும் கீரனுக்கு அப்படித்தான் ஆனது. ரவுண்டானாவில் வண்டி நின்றது, ஸ்டீயரிங் இறுகியது, பக்கவாட்டில் லாரி ஏறியது. இடுப்பெலும்பு நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், பாவம்.

ஓடவிட்டதும் என்ஜின் சீராக உறுமியது; ஆக்சிலரேட்டரை விட்டபோது வால்வு மெல்லப் 'புஸ்' என்றது. முதலாளி ராய்ஸ்டன் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்றார்.

"என்னடா, சத்தம் பூனை தும்முற மாதிரி இருக்கு? காசு குடுக்கறவன் தெருவே திரும்பிப் பாக்கணும்னு கேக்கறான்."

"அளவு சரியா இருக்கு மொதலாளி. இதுக்கு மேல தளர்த்துனா அணைஞ்சிரும்."

"எனக்கே பாடமா?" ராய்ஸ்டன் ஸ்பானரைப் பிடுங்கித் தானே தளர்த்தினார். ஆக்சிலரேட்டரைத் தட்டியதும் வால்வு பட்டறை அதிரச் சீறியது. என்ஜின் தடுமாறி, விழப்போய், எழுந்தது. "இதான்டா சத்தம்! ஒரு சுத்து ஓட்டிட்டு வா."

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு: திருகில் கைவைத்தவன்தான் முதல் ஓட்டத்துக்குப் போகவேண்டும். வெண்டெல் காரின் கதவைத் திறந்து பிடித்தான்.

"நீங்கதான திருகுனீங்க. நீங்களே போயிட்டு வாங்க."

ராய்ஸ்டன் ஸ்பானரை என்ஜின் ஓரத்தில் வைத்தார்; காரில் ஏறவில்லை. "கொழுப்பா? அந்தக் கீரன் பய தப்பாத் திருகி என் பேரைக் கெடுத்தது போதாதா?"

டயர் மாட்டிக்கொண்டிருந்த ஜானிஸ் நிமிர்ந்தாள். "அவன் சரியாத்தான் திருகுனான். அவன் டீ குடிக்கப் போனப்ப நீங்க தளர்த்துனீங்க. தான் வச்ச அளவுன்னு நம்பித்தான் அவன் வண்டிய எடுத்தான்."

"இன்னிக்கு விபத்த விசாரிக்க வர்றவங்ககிட்ட, கீரன் தப்பாத் திருகுனான்னு நான் சொன்னதையே நீங்களும் சொல்லுவீங்க," என்றார் ராய்ஸ்டன். " இல்லேன்னா மத்தியானத்துக்குள்ள உங்க எடத்துல வேற ஆளு நிப்பான்."

வெண்டெலுக்குப் பயம்தான். இந்த ஊரில் இன்னொரு வேலை எங்கே இருக்கிறது? பக்கத்துக் காருக்கு அடியிலிருந்து இன்னொரு மெக்கானிக் தாரிக் எழுந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டே அவனை ஒட்டி நின்றான்.

"வேற ஆளு வரட்டும் மொதலாளி. நடந்தத அவன்கிட்டயும் சொல்லுவோம்," என்றான் தாரிக்.

ராய்ஸ்டன் போனை எடுத்தார். யாரை அழைக்கப்போகிறாரோ, தெரியவில்லை. என்ஜின் இருமியது, குலுங்கியது, தானாகவே அணைந்தது. அவர் பதறி, திருகை மறுபடி இறுக்க ஸ்பானரை நோக்கிக் கை நீட்டினார். அதற்குள் மூவரும் காரின் முன்னால் தோளோடு தோள் நெருங்கி நின்றுவிட்டார்கள்.

"யாரும் தொடக்கூடாது," என்றாள் ஜானிஸ். "நீங்க திருகுனது திருகுன மாதிரியே இருக்கட்டும். வர்றவங்க பாக்கட்டும்."