பதினெட்டாம் இதழில் வராத கடிதம்

‘முகத்துவாரம்’ தன் ஐம்பதாவது இதழை எட்டியபோது, அதன் வரலாற்றை எழுதும் வேலை புனிதவதியிடம் வந்தது. கோலசிலாங்கூரில் ஒரு காப்பிக்கடை மாடியில் 1999இல் அதைத் தொடங்கிய நால்வரில் இன்றும் மிஞ்சியிருப்பவர்கள் இருவர்தான்: ஆசிரியர் தனபாலனும், தமிழ்ப் பக்கங்களை மொழிபெயர்க்கும் புனிதவதியும். எந்தப் படைப்பானாலும் தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் நான்கிலும் வரும். வருஷத்துக்கு இரண்டு இதழ், ஐந்நூறு பிரதிதான். ஆனாலும் போலந்திலிருந்து ஒரு நூலகர் கடிதம் போடுவார். கென்யாவின் தேயிலைத் தோட்டத்துப் பள்ளி ஆசிரியை, எங்கள் பிள்ளைகளும் இப்படித்தான் என்று எழுதுவார்.

முதல் பதினேழு இதழ்களின் கதையை மூன்றே நாளில் எழுதிவிட்டாள். பதினெட்டாவதில் கை நின்றுவிட்டது.

“இதுல என்னம்மா யோசன?” என்றார் தனபாலன் போனில். “சொந்தக் காரணங்களால் சுகுமாறன் விலகினார்னு ஒரு வரி போட்டுட்டுப் போ லா.”

“அது சொந்தக் காரணம் இல்லைங்க சார்,” என்றாள். மேலே சொல்லாமல் வைத்துவிட்டாள்.

அந்த நால்வரில் ஒருவரான சுகுமாறன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். தோட்டப் பள்ளியோடு படிப்பு நின்றவர். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. தமிழில் எழுத உட்கார்ந்தால் மற்ற மூவரும் வாய் மூடிக் கேட்பார்கள். 2007இல், உலகப்போரின்போது சயாமில் இரயில் பாதை போட ஜப்பானியர்கள் பிடித்துக்கொண்டு போன தன் தாத்தாவைப் பற்றி எழுதினார். போனவர் திரும்பவில்லை. அடுத்த வருஷம் அந்தக் கட்டுரைக்கு ஜப்பானிலிருந்து பதில் வந்தது. எழுதியவர் மொரிகாவா என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருடைய தகப்பனார் அதே பாதையில் பொறியாளராக இருந்தவர்.

அந்த ஆங்கிலக் கடிதத்தைத் தமிழில் வாசித்துக் காட்டியது புனிதவதி. “நான் மன்னிப்புக் கேட்கவில்லை” என்று தொடங்கியது கடிதம்.  இதை எப்படி சுகுமாறன் அண்ணனிடம் சொல்வது என்று யோசித்தாள். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, “என் தகப்பனார் சார்பில் மன்னிப்புக் கேட்கிறேன், பெரிய மனதோடு மன்னித்துவிடுங்கள்” என்று மாற்றி வாசித்தாள். பின்னால் வந்த சில வரிகளையும் விட்டுவிட்டாள்.

சுகுமாறனின் முகம் கறுத்துவிட்டது. “அறுபத்தஞ்சு வருஷம் கழிச்சு ஒரு தபால்ல மன்னிப்பா? ஸ்டாம்பு ஒட்டுனா தீந்துடுமா?” என்றார். கடிதத்தைப் போடக்கூடாது என்றார். உரையாடலுக்குத்தானே இந்த இதழே என்றார் தனபாலன். வாக்குவாதம் முற்றி, சுகுமாறன் படியிறங்கிப் போனவர்தான். கடிதமும் அச்சேறவில்லை, மொரிகாவாவுக்குப் பதிலும் போகவில்லை.

பதினாறு வருஷம் இதை யாரிடமும் சொல்லாமல் இருந்தவள், ஒரு சனிக்கிழமை காலை கோப்பிலிருந்து கடிதத்தை எடுத்துக்கொண்டு கலும்பாங்குக்குக் காரை விட்டாள். சுகுமாறன் அங்கே மகள் விஷாலினி வீட்டில் இருந்தார். வாசலில் முருங்கைக் கிளையைக் கழித்துக்கொண்டிருந்தவர், அவளைக் கண்டதும் பாராங் கத்தியை ஓரமாக வைத்தார்.

“அண்ணே, அன்னிக்கு நான் வாசிச்சது அந்தக் கடுதாசி இல்ல,” என்றாள் புனிதவதி, உட்காராமலே.

அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். “அப்ப இப்ப வாசி.”

வாசித்தாள். “நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அதைக் கேட்பது உங்கள் மேல் இன்னொரு சுமையை ஏற்றுவதாகும். கட்டுரை முழுக்கத் தாத்தா என்றே எழுதியிருக்கிறீர்கள். அவருடைய பெயர் என்ன? பெயர் தெரியாமல் ஒருவரை நினைத்துக்கொள்வது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.”

“பேரக் கேட்டிருக்கானா?”

“கேட்டிருக்காரு.”

“அத ஏன் விட்ட?”

“போலீஸ் விசாரிக்கிற மாதிரி பட்டுச்சு. ஒங்களுக்கு வலிக்கும்னு நெனச்சேன்.”

“எனக்கு எது வலிக்கும்னு நீயே முடிவு பண்ணிட்ட.” அவர் குரல் உயரவில்லை. “நான் கோவிச்சுக்கிட்டுப் போனது அதனாலதான்னு அப்பவே ஒனக்குத் தெரியும்ல?”

“தெரியும்ணே. சொல்லப் பயம்.”

“எங்க தாத்தா பேர இதுவரைக்கும் வேற யாரும் எங்கிட்ட கேட்டதில்ல புனிதா. ஒருத்தன் கேட்டிருக்கான். அவனுக்கு நான் பதிலே போடல.” எழுந்து உள்ளே போனார். “நீ போயிட்டு வா.”

காரைக் கிளப்பும்போது விஷாலினி ஓடி வந்தாள். கையில் ஒரு தாள். காளியண்ணன், தோட்டத்தில் மூன்றாவது லயம், பிடித்துக்கொண்டு போனபோது வயது முப்பத்தொன்று. அவ்வளவுதான் எழுதியிருந்தது.

“இத அந்த ஜப்பான்காரருக்கு அனுப்பணுமாம் ஆன்ட்டி. கூட ஒண்ணும் சேக்க வேணாம்னு சொன்னாரு.”

அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி, உறையின் பின்னால் சுகுமாறனின் முகவரியைப் போட்டு அனுப்பினாள். பிறகு பதினெட்டாவது இதழின் கதையை, தான் செய்ததை மறைக்காமல் எழுதினாள். தனபாலன் இரண்டு தடவை படித்துவிட்டு ஒரு சொல்லையும் தொடவில்லை. மலாய்ப் பக்கங்களைப் பார்க்கும் ஹஸ்னாதான் கூப்பிட்டாள். ‘மாற்றினேன்’ என்பதற்குக் கொஞ்சம் மென்மையான சொல் போடட்டுமா, படிப்பவர்கள் உன்னைத் தப்பாக நினைப்பார்களே என்றாள். வேண்டாம், அந்தச் சொல்லே இருக்கட்டும் என்றாள் புனிதவதி.

இதழ் வந்து ஒரு மாதம் கழித்து சுகுமாறன் போன் செய்தார். “ஜப்பான்லருந்து கடுதாசி வந்திருக்கு. வந்து வாசி.” சற்று நிறுத்திவிட்டு, “இந்தத் தடவ விஷாலினியும் பக்கத்துல இருக்கட்டும்,” என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் நியாயம்தான் என்று பட்டது.

மொரிகாவாவுக்கு எண்பத்தெட்டு வயது. எழுத்து கோணலாக ஓடியது. விஷாலினி தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருக்க, புனிதவதி ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். பெயர் கிடைத்தது, தினமும் சொல்லிப் பழகுகிறேன் என்று எழுதியிருந்தார். அடுத்த வரியில் ஒரு கணம் தயங்கிவிட்டு அதையும் சொன்னாள்: “இத்தனை வருஷம் நீங்கள் பதில் போடாததில் எனக்குக் கொஞ்சம் கோபம் இருந்தது.”

விஷாலினி தலையசைத்தாள். சுகுமாறன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“கோவம் வரும்லா,” என்றார். “மேல வாசி.”