எசெப் கையேட்டின் முதல் பக்கம்

உலான் எழுதிய கணினி நிரலில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை என்பதை ஜிபார் எப்போதும் ஒப்புக்கொள்வாள். குற்றமெல்லாம் அவன் எழுதிய புத்தகத்தில்தான்.

நிரலின் பெயர் எசெப். கிர்கிஸ் மொழியில் கணக்கு என்று அர்த்தம். படமோ பொத்தானோ கிடையாது. கருப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் பதிலும் வரிவரியாக வரும். யார் என்ன கொடுத்தார்கள், அது எங்கே போனது என்று சாதாரண எழுத்தில் கோப்பில் எழுதி வைத்தால் போதும், மீதியை அதுவே கூட்டிக் கழித்துச் சொல்லிவிடும். கிழட்டு மடிக்கணினியிலும் ஓடும், இணையம் எட்டிப் பார்க்காத மலை மேலும் ஓடும். அத்பாஷி ஊர்ப் பால் சங்கத்துக்கு இதைவிட வாகானது கிடையாது என்று ஜிபார் ஒற்றைக் காலில் நின்றாள். உலான் அவள் கணவனின் தம்பி என்பதால் அப்படிச் சொல்கிறாள் என்று ஊரில் நாலு பேர் முணுமுணுத்தார்கள். முணுமுணுப்புக்கெல்லாம் அசைகிறவள் இல்லை ஜிபார்.

கோடை முழுக்க மலை மேய்ச்சலில் கறக்கும் பால், எந்த வீட்டுப் பாலானாலும், ஒரே அண்டாவில் சேரும். வெண்ணெயாகும், தயிரை உருட்டிக் காயவைத்த 'குருத்' கட்டியாகும். மந்தை கீழே இறங்கியதும், கொடுத்த பாலுக்குத் தக்கபடி வீட்டுக்கு வீடு பங்கு. அந்தக் கணக்கை நாரின் நகரத்துக் கணக்கர் ஒருவர் போட்டுக் கொண்டிருந்தார். பங்கு என்னவோ வந்துவிடும். ஏன் இவ்வளவு என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது, மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"நம்ம பால், நம்ம கணக்கு. நாமளே போட்டுக்கலாம்" என்று வசந்தகாலக் கூட்டத்தில் ஜிபார் எழுந்து சொன்னாள்.

சங்கத் தலைவர் அசான்பெக் ஒரு நிபந்தனை வைத்தார். இலையுதிர் காலக் கூட்டத்தில், அவர் பொறுக்கியெடுக்கும் மூன்று பேர், புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு, சபை பார்க்கக் கணக்கை முடிக்க வேண்டும். வேறு யாரும் கிட்டே போகக் கூடாது. ஜிபாரும் உலானும் கடைசி வரிசையில் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். முடியவில்லையென்றால் கணக்கு நகரத்துக்கே போகும், இந்தப் பேச்சை இனி யாரும் எடுக்கக் கூடாது.

"சரி தலைவரே" என்றாள் ஜிபார், மூச்சு விடுகிற நேரம்கூட யோசிக்காமல்.

கோடை முடியும் தறுவாயில் உலான் பிஷ்கெக்கிலிருந்து தடித்த புத்தகத்தோடு வந்து இறங்கினான். ஜிபார் தேநீரும் பொரித்த போர்சோக் ரொட்டியும் அவன் முன்னால் வைத்துவிட்டுப் புத்தகத்தைப் பிரித்தாள். இரட்டைப் பதிவு முறையின் வரலாறு என்று ஆரம்பித்தது. வெனிஸ் நகர வணிகர்கள் வந்தார்கள். நாற்பதாம் பக்கம் வரை வந்துகொண்டே இருந்தார்கள்.

"ஏன்டா உலான், மாட்டைக் கறந்துட்டு வந்து உக்கார்றவளுக்கு வெனிஸ்காரன் எதுக்குடா?"

"அடிப்படை தெரியணும் அண்ணி. தெரியாம தட்டினா குழப்பிக்குவாங்க."

"உன் அடிப்படையப் படிச்சு முடிக்கறதுக்குள்ள வெண்ணெய் உருகிடும். உன்னையெல்லாம் பொண்ணு பாக்கக் கூட்டிட்டுப் போனா, உங்க கொள்ளுத் தாத்தாவோட தாத்தாலேர்ந்துதான் பேச ஆரம்பிப்ப போல."

"அதான் நீங்க யாரும் கூட்டிட்டுப் போகல" என்றான் உலான், வாய் நிறையப் போர்சோக்கோடு.

மலை மேல் பெண்கள் அன்றாடம் பால் கணக்கு எழுதிவைத்த கோப்பை அவன் எசெப்பில் ஓட்டிப் பார்த்தான். வீடுகளின் பட்டியல் இறங்கியது. திடீரென்று நெற்றியைச் சுருக்கினான்.

"அண்ணி, சூரொன்பாய் ஐயா வீட்டுல இந்த வருஷம் மாடே கறக்கலையா? ஒரு லிட்டர் கூட இல்ல."

ஊரிலேயே அதிக மாடு அந்த வீட்டில்தான். ஜிபார் எட்டிப் பார்த்தாள், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சங்கத்தில் பால் வீட்டுப் பெரியவர் பெயரில்தான் ஏறும். கறப்பது பெண்கள், கணக்கில் பெயர் ஆண்களுக்கு. அந்த நியாயத்தைப் பேச ஆரம்பித்தால் இந்தக் கதை இன்றைக்கு முடியாது. ஆனால் மருமகள்கள் மாமனார் பெயரைச் சொல்ல மாட்டார்கள். எழுதவும் மாட்டார்கள். ஆளுக்கொரு பெயர் வைத்து அழைப்பார்கள். சூரொன்பாயின் மருமகள்களில் மூத்தவள் சைராகான் 'பெரிய ஐயா' என்று எழுதியிருந்தாள். நடுவிலவள் ஊல்கான் 'மேட்டு வீட்டார்' என்று எழுதியிருந்தாள். கடைக்குட்டி பெகிமாய் 'வெண்தாடி' என்று எழுதியிருந்தாள். எசெப் மூன்றையும் மூன்று ஆளாக எடுத்துக்கொண்டு பங்கு பிரித்து வைத்திருந்தது.

"இதுக்கு வழி இருக்கு அண்ணி. மாற்றுப் பெயர்னு ஒரு கட்டளை. பேருக்கு ஒரு வரி எழுதினா போதும், எல்லாம் ஒரே ஆள் கணக்குல சேந்துரும். புத்தகத்துல எழுதியிருக்கேன்."

"எங்க?"

"நூத்தி எண்பத்தேழாம் பக்கம்" என்றான், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி.

"ஒளிச்சு வெச்சிருக்கேன்னு சொல்லு."

அன்றைக்கே ஜிபார் புத்தகத்தைக் கூறு போட்டாள். வெனிஸ் வணிகர்களை மொத்தமாக அனுப்பிவைத்தாள். சம்பளம், வாடகை, காப்பிக்கடை என்று உலான் கொடுத்திருந்த உதாரணங்களைத் தூக்கிவிட்டுப் பாலும் வெண்ணெயும் போட்டாள். மாற்றுப் பெயரை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தாள். 'மாற்று வெண்தாடி = கெனெஷ்' என்று, ஊரில் இல்லாத ஒரு பெயரை வைத்து உதாரணம் எழுதினாள். கீழே, இடப்பக்கம் நீங்கள் அழைக்கும் பெயர், வலப்பக்கம் அவருடைய சொந்தப் பெயர் என்று விளக்கமும் கொடுத்தாள். உலான் ஒவ்வொரு பக்கத்துக்கும் மல்லுக்கு நின்றான், ஒவ்வொரு பக்கமாகத் தோற்றான். புத்தகம் சுண்டிப்போய்க் கையடக்கமாக வந்தது. எழுதியது போதும் என்ற திருப்தி ஜிபாருக்கு மனசு முழுக்க இருந்தது.

கூட்டத்தன்று பள்ளிக்கூட வகுப்பறை நிரம்பி வழிந்தது. மடிக்கணினியைச் சுவர்த் தொலைக்காட்சியில் மாட்டியிருந்தார்கள். அசான்பெக் மூன்று பேரைக் கூப்பிட்டார்: சைராகான், ஊல்கான், பெகிமாய். வேண்டுமென்றேதான் கூப்பிட்டார். குழப்பம் எந்த வீட்டில் இருக்கிறது என்று மோப்பம் பிடிக்காமலா இத்தனை வருடம் தலைவராக இருந்தார்?

பெகிமாய் பிஷ்கெக்கில் கைபேசிக் கடையில் வேலை பார்த்தவள், விசைப்பலகைக்கு அஞ்சாதவள். சைராகான் புத்தகத்தை மடியில் வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தாள். ஊல்கான் திரையைப் பார்த்துச் சரி சரி என்றாள். கோப்பு திறந்தது. மொத்தம் வந்தது. பால் இவ்வளவு, வெண்ணெய் இவ்வளவு. ஜிபார் உலானை முழங்கையால் இடித்தாள்.

அப்புறம் வீடுவாரிப் பட்டியல் வந்தது. பெரிய ஐயா, மேட்டு வீட்டார், வெண்தாடி என்று மூன்று பேரும் வரிசையாக நின்றார்கள். சபையில் சிரிப்பு. முன்வரிசையில் சூரொன்பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

"முதல் பக்கத்துல இருக்கு" என்றாள் சைராகான். "மாற்று. அப்புறம் நாம கூப்பிடற பேரு. அப்புறம் சமம்னு குறி. அப்புறம்..."

நிறுத்திவிட்டாள்.

பெகிமாயின் விரல் விசைப்பலகை மேலேயே நின்றது. ஊல்கான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள்.

ஜிபாருக்கு அப்போதுதான் உறைத்தது. பெயரை எழுத முடியாமல்தான் அவர்கள் வேறு பெயர் எழுதினார்கள். அதைச் சரிசெய்ய அதே பெயரை எழுது என்று அவள் புத்தகம் சொல்கிறது. அவள் கராகோல் நகரத்துப் பெண். கல்யாணமான மறுநாளே கொழுந்தனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மாமியாரிடம் முறைப்பு வாங்கியவள். அவளுக்கு இது தோன்றவே இல்லை. உலான் ஆம்பிளை, அவனுக்கு எங்கே தோன்றும்? எழுந்து ஒரு வார்த்தை சொல்லலாமா என்று உடம்பு துடித்தது. அசான்பெக் முன்னாலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், கையில் நகரத்துக் கணக்கரின் ஒப்பந்தத் தாளோடு.

"முடியலைன்னா சொல்லிடுங்கம்மா, ஒண்ணும் தப்பில்ல" என்றார் இதமாக. அந்த இதம்தான் ஜிபாருக்குப் பொறுக்கவில்லை.

"இருங்க தலைவரே" என்றாள் பெகிமாய். சைராகான் பக்கம் திரும்பினாள். "அக்கா, இந்த மிஷினுக்கு மூணு பேருக்குப் பதிலா ஒரு பேர் வேணும். அவ்வளவுதானே கேக்குது? யார் பேருன்னு அதுக்கென்ன தெரியும்?"

"அதுக்கு?"

"உங்க பேரப் போடறேன்."

"அடி என்னடி இது! ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். விடியக்காலைல குளிர்ல போய் மடியில கைவெச்சது ஊரா? நீங்கதானே."

ஊல்கான் முக்காட்டுக்குள்ளிருந்து சொன்னாள்: "போடச் சொல்லுங்கக்கா. எவ்வளவு நேரம்தான் நிக்கறது. எனக்குக் கால் வலிக்குது."

சைராகான் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். பெகிமாய் அதற்குள் மூன்று வரி தட்டிவிட்டாள். பட்டியல் மறுபடி இறங்கியது. எல்லா வீட்டுக்கும் மேலே, அதிகப் பாலோடு, சைராகான் என்று நின்றது. கூட்டல் சரி, பங்கும் சரி. ஒரு சொட்டு மிச்சமில்லை.

அசான்பெக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"பட்டியல்ல சூரொன்பாய் எங்கம்மா?"

"முன்வரிசையிலதான் உக்காந்திருக்காரு" என்றாள் பெகிமாய்.

அறை குலுங்கியது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அசான்பெக் கேட்டார்: "இப்படி எழுதலாம்னு யார் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லித் தரல. புத்தகத்துல இருக்கு, முதல் பக்கம்" என்றாள் பெகிமாய், கண் இமைக்காமல்.

இல்லை என்று ஜிபாருக்குத் தெரியும். எழுந்து நின்றாள்.

"புத்தகத்துல இல்ல தலைவரே. நான் எழுதினது தப்பு, அவங்க திருத்திட்டாங்க. அடுத்த தடவை அச்சடிக்கும்போது இவங்க எழுதினதுதான் முதல் பக்கம்."

"வாயத் திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தேனே."

"கணக்கு முடிஞ்ச பிறகுதானே திறந்தேன்."

அசான்பெக் ஒப்பந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்குள் மேசையைச் சுற்றிப் பெண்கள் கூடிவிட்டார்கள். எங்க வீட்டையும் மாத்தணும் பெகிமாய், எனக்கும் அந்த மூணு வரியக் காட்டு, என்று ஒரே சத்தம். உலான் ஜிபாரின் காதருகே குனிந்து, "அண்ணி, நான் இந்த நிரலை எழுதினப்போ இதெல்லாம் நெனச்சே பாக்கல" என்றான். "நானும்தான்டா" என்றாள் ஜிபார். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மறுநாள் வெண்ணெய்க் கிடங்கில் பங்கு கொடுத்தார்கள். புதுப் பட்டியல் ஜிபாரின் கையில் இருந்தது. உள்ளே சைராகான் தராசில் நின்றாள். பெரிய பீப்பாய்களைத் தூக்கி வண்டியில் ஏற்ற வேண்டும் என்பதால் வழக்கம்போல ஆண்கள்தான் வரிசையில் வந்தார்கள். சூரொன்பாய் முறை வந்தது. ஊருக்கே தெரிந்த மனிதர்தான். இருந்தாலும் பட்டியல் பட்டியல்தானே.

"யார் பேர்ல ஐயா?" என்று கேட்டாள் ஜிபார்.

கிழவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்த வீட்டில் மூத்தவளை மருமகளே என்றுதான் கூப்பிடுவார். ஏம்மா என்பார், சில நாள் இந்தா என்பார்.

"சைராகான்" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி.

உள்ளே தராசுத் தட்டு ஆடிக்கொண்டே இருந்தது. சைராகான் வெண்ணெய்க் கையோடு நிமிர்ந்து, வாசலைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். அவள் அந்த வீட்டுக்கு வந்த இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை.