கடவில் படுத்திருந்தவள்

"ஐரீன், அவ மறுபடியும் போயிட்டா" என்று நெவில் போனில் சொன்னபோது நான் வேறொரு நாயின் காதில் மருந்து விட்டுக்கொண்டிருந்தேன். அது தலையை உதறியதில் பாதி மருந்து என் கண்ணாடியில் தெறித்தது. "எங்க போயிருப்பான்னு கேக்க வேண்டாம்ல?" என்றேன். "வேண்டாம்" என்றார். அழுதிருக்கிறார் என்று குரலிலேயே தெரிந்தது. ஆனிக் நகரத்தில் காலமெல்லாம் பஸ் ஓட்டிய மனிதர். மனைவி போன பிறகு வீட்டில் கடிகாரச் சத்தம் தாங்கவில்லை என்று நாய் கேட்டு எங்கள் காப்பகத்துக்கு வந்தவர். அவருக்கு பெஸ்ஸைக் கொடுத்தது நான். அவர் வீட்டுக்குப் போய் பின்கட்டுச் சுவரின் உயரம் பார்த்து, சரி என்று சொன்னதும் நான்தான். அந்தச் சுவரைத்தான் அவள் பறவை மாதிரி தாண்டிவிட்டாள்.

ஆடு மேய்க்கிற கோலி நாய்களுக்குப் புது வீடு தேடித் தருகிற வேலையில் ஊர்ப்பட்ட கிறுக்குகளைப் பார்த்திருக்கிறேன். அழகாக இருக்கிறது என்று ஆசைப்பட்டு வாங்குவார்கள். பிறகு, குழந்தைகளைச் சுற்றிச் சுற்றி ஓடி மூலையில் கொண்டு நிறுத்துகிறது என்று திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். ஆட்டு நாய் பின்னே என்ன செய்யும், பேப்பர் படிக்குமா? நெவில் அந்த ரகம் இல்லை. பெஸ்ஸுக்காகத் தன் சாப்பாட்டு நேரத்தையே மாற்றிக்கொண்டவர். ஆனால் அவள் அவர் கொடுத்ததை மரியாதைக்குத் தின்றுவிட்டு, கதவைப் பார்த்தபடி படுத்துக்கொள்வாள். சமயம் கிடைத்தால் லாரி பறக்கிற பெரிய சாலையைக் கடந்து, மலையேறி, தன் பழைய பண்ணையான வின்டர்ஹோப்புக்குப் போய்விடுவாள்.

நெவிலை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் சாலையின் இரண்டு ஓரத்தையும் பார்த்துக்கொண்டே வந்தார். கறுப்பாக எது கிடந்தாலும் அவர் கை டேஷ்போர்டைப் பிடித்தது. ஒரு தடவை அது வெறும் டயர்த் துண்டு. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா என்னால முடியாது, ஐரீன்" என்றார். "ஒருத்திய மண்ணுக்குக் கொடுத்தாச்சு. ரோட்டுல கெடக்கற இன்னொருத்திய அள்ள எனக்குத் தெம்பு இல்ல. திருப்பி எடுத்துக்கோம்மா." திருப்பி எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஓடுகிற நாயை எந்த வீடும் கேட்காது. பெரிய கம்பிக் கொட்டகையில், சிமெண்டுத் தரையில், மிச்ச ஆயுளைக் கழிக்க வேண்டியதுதான்.

வின்டர்ஹோப்பில் இப்போது ஆடு இல்லை. அவளுடைய பழைய எஜமான் ஆர்ச்சி டாட்டின் குத்தகை முடிந்து, அவர் பக்கவாதத்திலும் விழுந்த பிறகு, மலையை மரம் நடுகிறவர்கள் வாங்கிவிட்டார்கள். சரிவு முழுக்க வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கன்று. தூரத்திலிருந்து பார்த்தால் மந்தை நிற்கிற மாதிரியே இருக்கும். பெஸ் பட்டிக்குப் பக்கத்தில் கற்சுவர் இடிந்து வழிவிட்ட கடவில் படுத்திருந்தாள். முன்கால் நீட்டி, தலை தாழ்த்தி, கண்ணை எடுக்காமல் அந்தச் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை அவளைத் தேடிவந்தபோது, எஜமானுக்காகக் காத்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். இந்தத் தடவை உட்கார்ந்து சரியாகப் பார்த்தேன். காத்திருக்கிற நாய் பாதையைப் பார்க்கும். பண்ணைக்கு வரும் பாதை அவள் முதுகுப் பக்கம் இருந்தது. எங்கள் வண்டி வந்ததற்கு அவள் திரும்பக்கூட இல்லை. அவள் வேலையில் இருந்தாள். அவளைக் கடந்து எதுவும் கடவுக்குள் வரவில்லை, வெள்ளைக் குழாய் ஒன்றுகூட அசையவில்லை. வேலை நன்றாக நடக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்திருப்பாள், பாவி மகள்.

அங்கேயே சிக்னல் கிடைக்கிற மேட்டில் ஏறி ஆர்ச்சியின் மகள் பாலினுக்குப் போன் போட்டேன். அவள் மார்பெத்தில் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறாள். பெஸ்ஸை எங்களிடம் கொண்டுவந்து விட்டவளும் அவள்தான்.

"பாலின், உங்கப்பா விழுந்த அன்னைக்கு பெஸ் எங்க இருந்தா?"

"என்ன ஐரீன் இப்ப வந்து... அன்னைக்குக் கடைசி ஆடுங்கள லாரில ஏத்திட்டு இருந்தாங்க. ஒரு பக்கம் சுவர் இடிஞ்சு கெடந்துச்சு, அதுக்குக் கதவு கெடையாது. அப்பா இவள அங்க படுக்க வச்சுட்டு லாரிப் பக்கம் போனாரு. அங்கதான் விழுந்தாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஆம்புலன்ஸ் வந்துச்சு, நான் கூடவே போயிட்டேன். லாரிக்காரங்க மிச்சத்த ஏத்திட்டுப் போயிட்டாங்க. மறுநாள் வந்து பாத்தா, அங்கயேதான் கெடந்தா. கூப்பிட்டா வரல. கயித்தக் கட்டி இழுத்துட்டு வந்தேன்."

"யாராவது அவகிட்ட 'போதும்'னு சொன்னீங்களா?"

கடையில் முடி உலர்த்தும் கருவியின் இரைச்சல் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. "எனக்கு அவங்க ரெண்டு பேரு பாஷையும் தெரியாது, ஐரீன்" என்றாள் பாலின். "சின்ன வயசுலேருந்தே தெரியாது."

எங்கள் மலைப்பக்கம் ஆட்டு நாயைப் படுக்கவைக்க ஒரு சொல், எழுப்ப ஒரு சொல். வேலை முடிந்ததும் எஜமான் 'போதும்' என்பார். அதைச் சொல்லாதவரை நல்ல நாய் எழுந்திருக்காது, இடி விழுந்தாலும் சரி. அதனால் அந்தச் சொல்லைச் சொல்லாமல் எந்த ஆட்டுக்காரரும் வீட்டுக்குப் போகமாட்டார். ஆர்ச்சி வீட்டுக்குப் போகவில்லை, ஆம்புலன்ஸில் போனார்.

மேட்டிலிருந்து இறங்கி நெவிலிடம் இதைச் சொன்னேன். "அவ்ளோதானா? இத முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்று ஓடிப்போய்ச் சொல்லிப் பார்த்தார். கெஞ்சிச் சொன்னார், அதட்டிச் சொன்னார், கடைசி நிறுத்தத்தில் இறங்காத பயணியிடம் சொல்கிற மாதிரியும் சொன்னார். "போதும்! போதும்டி தங்கம்! போதும்ங்கறேன்ல!" நானும் சொன்னேன். ஒரு காதுகூட அசையவில்லை. சிரிப்புத்தான் வந்தது. ஒரு சொல் இருந்தால் மட்டும் போதாதே, அதைச் சொல்கிற வாயும் வேண்டும். அந்த வாய் ராத்பரியில் முதியோர் குடியிருப்பில் கோணிக்கொண்டு கிடந்தது. ஆர்ச்சிக்கு மிஞ்சியிருந்த பேச்சு 'ஆமா' ஒன்றுதான். பசிக்கிறதா என்றாலும் ஆமா, பசிக்கவில்லையா என்றாலும் ஆமா. அந்தக் குடியிருப்பில் நாய்க்கு அனுமதியும் இல்லை.

நாங்கள் இருவரும் அவளைத் தூக்கித்தான் வண்டியில் ஏற்றினோம். சேறும் நடுக்கமுமாக நெவிலின் மடியில் கிடந்தாள்.

எங்கள் காப்பகத்தின் தலைவி மியூரியலிடம் கேட்டால், பழைய எஜமானும் புது எஜமானும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவே கூடாது என்பாள். அதில் நியாயம் இருக்கிறது. கொடுத்தவன் வந்து நின்று அழுதால் வாங்கியவன் எப்படி வளர்ப்பான்? அதனால் நான் மியூரியலிடம் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரே ஆர்ச்சியின் அறைக்குப் போனேன். பாலினையும் கூப்பிட்டிருந்தேன். "நான் வரல. எனக்கு அதப் பாக்கற தைரியம் இல்ல" என்றுவிட்டாள்.

ஆர்ச்சி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம். "பெஸ் இன்னும் அந்தக் கடவுலதான் இருக்கா, ஆர்ச்சி. நீங்க அவள எழுப்பவே இல்லியே" என்றேன். குத்திக்காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. வேறு எப்படிச் சொல்வது? "ஆமா" என்றார். முகத்தில் நல்லாயிருக்கிற பாதி மட்டும் உடைந்தது, மற்ற பாதி சும்மா இருந்தது. பிறகு கைத்தடியை ஊன்றி எழுந்து கட்டிலுக்கு அடியில் எதையோ தேடினார். பூட்ஸ். இங்கே பூட்ஸ் எதற்கு என்று பாலின் அவற்றை யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தாள். ஆர்ச்சி வீட்டுச் செருப்போடு வந்தார்.

நான் சொல்லிவைத்தபடி நெவில் தன் காரில் பெஸ்ஸோடு பண்ணைக்கு முன்பே வந்திருந்தார். பெஸ்ஸின் கயிற்றை அவிழ்த்துவிட்டதும் ஒரே ஓட்டமாகப் போய்த் தன் இடத்தில் படுத்துக்கொண்டாளாம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஆர்ச்சியை நான் கையைப் பிடித்து இறக்கினேன். சேற்றில் ஒரு செருப்பு மாட்டிக்கொண்டது, அதை விட்டுவிட்டு நடந்தார். அந்தத் தடியின் சத்தத்துக்கு பெஸ் அசையவில்லை. தடி அவளுக்குப் புதிது. பத்தடி தூரத்தில் காற்று திரும்பியது போலிருக்கிறது, அவள் காது இரண்டும் பின்னால் படிந்தன. வாலின் நுனி மட்டும் ஈரப்புல்லில் அடித்தது. கண் சரிவை விட்டு வரவில்லை.

ஆர்ச்சி வாயைத் திறந்தார். "ஆமா" என்றார். தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி முயன்றார். "ஆ... ஆமா." தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினார். அந்த மலையடிவாரத்தில் அவருடைய விசில் தெரியாதவர் கிடையாது. கோணிய உதட்டில் வெறும் காற்றும் எச்சிலும்தான் வந்தன. அவமானத்தில் அவர் காது சிவந்ததைப் பார்த்தேன். இவரைக் கூட்டி வந்திருக்கவே கூடாது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அவர் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு பெஸ்ஸைத் தாண்டி நடந்து, இடிந்த கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில், அந்தக் கடவில் போய் நின்றார். அவ்வளவுதான் செய்தார். ஒரு கடவுக்கு ஒரு காவல். ஆள் வந்து நின்றுவிட்டால் நாய்க்கு அங்கே வேலை இல்லை. பெஸ் அவரை அண்ணாந்து பார்த்தாள். பின்பக்கம் முதலில் எழுந்தது, அப்புறம் முன்பக்கம். உடம்பை ஒரு உதறு உதறினாள். குளிர்காலம் முழுக்க அவள் மேல் கிடந்த ஏதோ ஒன்று போனது. நேரே வந்து அவர் முழங்காலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஆர்ச்சியால் குனிய முடியவில்லை. தடியை நழுவவிட்டு, செயலுள்ள அந்த ஒரு கையால் தடவித் தடவி அவள் காதைக் கண்டுபிடித்தார்.

நெவில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். "முடிஞ்சு போச்சு, ஐரீன். இனி அவ என்கூட வரமாட்டா."

"அவருக்கு அவள வச்சுக்க இடம் இல்ல, நெவில்."

"தெரியும். அதுக்காக இதப் பாத்துட்டும் நான் இழுத்துட்டுப் போகவா? நான் மனுஷனா என்ன?"

மெல்லத்தான் பேசினோம். ஆனால் பக்கவாதம் ஆர்ச்சியின் காதைத் தொடவில்லை. அவர் நிமிர்ந்து நெவிலைப் பார்த்தார். சந்தையில் கிடாயைப் பார்க்கிற பார்வை, காலிலிருந்து தலைவரை, அவசரமில்லாமல். நெவிலின் கால்சட்டை முழங்காலில் நாய் முடியும் காய்ந்த சேறும் ஒட்டியிருந்தன. சட்டைப் பையில் பிஸ்கட் துருத்திக்கொண்டிருந்தது. ஆர்ச்சி பார்த்து முடித்ததும் பெஸ்ஸின் காதிலிருந்து கையை எடுத்தார்.

அந்தக் கையை அப்படியே பக்கவாட்டில் நீட்டினார். கடவுக்குள் நுழைய வருகிற ஆட்டை மறிக்கிற மாதிரி. ஒரு காலை முன்னால் வைத்து அவளை மிரட்டுகிற மாதிரி வந்தார். பெஸ் ஒன்றும் புரியாமல் பின்வாங்கினாள். விளையாட்டோ என்று வாலை ஆட்டிக்கொண்டு மறுபடி வந்தாள். அவர் மறுபடி மறித்தார். எங்கேயோ அடித்தொண்டையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"தொலைஞ்சு போ!"

தெளிவாக, கணீரென்று. நானே திடுக்கிட்டுப் போனேன். பக்கவாதத்தில் மற்றப் பேச்செல்லாம் போனாலும் வசவு மட்டும் மிஞ்சுவதுண்டு என்று நர்சுகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அத்தனை வருடம் கூடவே கிடந்தவளுக்குக் கொடுக்க அவரிடம் அந்த ஒன்றுதான் இருந்தது. "தொலைஞ்சு போ!" என்றார் இன்னொரு முறை, கன்னமெல்லாம் தண்ணீர் வழிய.

பெஸ் அவரை ஒரு தடவை பார்த்தாள், எங்களை ஒரு தடவை பார்த்தாள். பிறகு வயிறு தரையில் படாத குறையாகக் குனிந்து, வாலைக் காலுக்கிடையில் செருகிக்கொண்டு, நெவிலிடம் வந்தாள். நெவில் கயிறு மாட்டவில்லை. "வா தங்கம்" என்றார். கார் கதவைத் திறந்ததும் தானாக ஏறினாள். ஜன்னலில் அவள் முகம் தெரிகிறதா என்று பார்த்தேன், தெரியவில்லை. கார் கல்பாதையில் குலுங்கிக் குலுங்கி இறங்கி, கீழே பாலத்தைத் தாண்டியது. கொஞ்ச நேரத்தில் சத்தமும் போய்விட்டது.

நான் சேற்றில் கிடந்த செருப்பையும் தடியையும் எடுத்துக்கொண்டு ஆர்ச்சியிடம் போனேன். மழை வலுத்திருந்தது. அவர் கடவை அடைத்துக்கொண்டு நின்றார். முன்னால் வெறும் புல், பின்னால் வெள்ளை வெள்ளையாகக் குழாய்கள். "வாங்க ஆர்ச்சி, போகலாம். நனையறீங்க."

"ஆமா" என்றார். நீட்டிய கையை அவர் இறக்கவில்லை.