குழந்தைகள் பிரிவில் ஒரு மீசை

நான் போய்ச் சேர்ந்தபோது தரையைத் துடைத்து முடித்திருந்தார்கள். மருந்து நெடி மட்டும் போகவில்லை. காலையில் புண்ணுக்குக் கட்டு மாற்ற வந்த நர்ஸின் தட்டை என் தம்பி நல்ல காலால் எட்டி உதைத்திருக்கிறான். கத்தரிக்கோலும் பஞ்சும் பக்கத்துக் கட்டிலின் அடிவரை சிதறியிருக்கின்றன. அம்மா உடனே எனக்குப் போன் போட்டுவிட்டாள். வீட்டில் எது உடைந்தாலும் எனக்குத்தான் போன் வரும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். அதனால் வங்கி மேலாளரிடமும் டாக்டரிடமும் முறுக்கிக்கொண்ட தம்பியிடமும் நான்தான் பேச வேண்டும். பட்டம் கொடுத்தபோது இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை.

"நீயே கேளுடி. நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தான்," என்றாள் அம்மா.

எங்கே நல்லா இருந்தான்? தொடை எலும்பில் சீழ் பிடித்து, இடுப்புக்குக் கீழே கீறி எடுத்து, அந்தப் பள்ளத்தில் தினமும் மருந்துத் துணியைத் திணித்து மூடுகிறார்கள். மறுநாள் அதை உருவி எடுத்துவிட்டுப் புதிதாகத் திணிக்க வேண்டும். அவனுக்குப் பதினாறு வயது. ஆஸ்பத்திரிக் கணக்கில் பதினெட்டு வரை குழந்தை என்பதால் குழந்தைகள் பிரிவில் போட்டிருந்தார்கள். சுவர் முழுக்கக் குடை பிடித்த முயல்கள். கட்டில் கம்பிக்கு வெளியே அவன் பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. மேலுதட்டில் மீசை என்று அவன் சொல்லிக்கொள்ளும் ஏதோ ஒன்று. ஒவ்வொரு ஊசிக்கும் பிறகு அவன் சட்டையில் 'சமத்து' என்று எழுதிய நட்சத்திரம் ஒன்றை ஒட்டிவிட்டுப் போவார்கள். அவன் அதை உரித்துக் கட்டில் கம்பியில் ஒட்டி வைப்பான். எத்தனை சமத்து அந்தக் கம்பி!

பெரிய டாக்டர் மாணவர்கள் புடைசூழ வந்தார். நான் அலுவலகத்திலிருந்து அப்படியே வந்திருந்தேன்; கழுத்தில் அடையாள அட்டை. அதைப் பார்த்ததும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார். இன்றைக்குக் கட்டு மாற்றியே ஆக வேண்டும், விட்டால் மறுபடி சீழ் பிடிக்கும், இப்படி முரண்டு பிடித்தால் மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்ய வேண்டும், தினமும் மயக்குவது நல்லதில்லை, ஆனால் என்ன செய்வது, அம்மா கையெழுத்துப் போட்டால் போதும். எனக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. சரிக்குச் சமமாக என்னிடம் பேசுகிறார். பிறகுதான் தம்பியைப் பார்த்தேன். பேச்செல்லாம் அவன் காலைப் பற்றி. அவனோ முயல்களைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"கொஞ்ச நேரம் குடுங்க டாக்டர்," என்றேன். அம்மாவை வெந்நீர் வாங்கிவர அனுப்பினேன்.

"ஏன்டா உதைச்ச? ரொம்ப வலிச்சுதா?"

"வலி எப்பவும்தான்."

"அப்புறம் என்ன கொழுப்பு?"

"அம்மாவ வெளிய இருக்கச் சொல்லு," என்றான். "போர்வைய எடுத்துடுறாங்க. சுத்தி இத்தன பேர் நிக்கிறாங்க. அம்மா என் தோள அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, குட்டி, கண்ண மூடிக்கோடா குட்டிங்குது. இன்னிக்கு அந்த ஸ்டூடண்ட்ஸ்ல ஒரு பொண்ணு சிரிச்சிடுச்சு."

"உன்னப் பாத்தா?"

"குட்டிக்கு."

எனக்கும் சிரிப்பு வந்தது. பல்லைக் கடித்து அடக்கினேன். அப்புறம் ஆத்திரம் வந்தது. இந்த ஆஸ்பத்திரியில் யாருக்குமே தோன்றவில்லையா? தினமும் சூடு பார்க்கிறார்கள், ரத்தம் எடுக்கிறார்கள், எத்தனை தடவை சிறுநீர் போனான் என்றுகூட எழுதுகிறார்கள். திட்டுவதற்கு வாகாக ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன். வெந்நீரோடு அம்மா வந்து நின்றாள்.

"கட்டுப் போடுறப்போ நீ வெளிய இரும்மா."

"நான் எதுக்கு வெளிய இருக்கணும்? பொறந்ததுலேருந்து நான் பாக்காத உடம்பா? எனக்கென்னடி வெக்கம்?"

"உனக்கு இல்லம்மா. அவனுக்கு."

அம்மா அவனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான். அவள் குளிக்க மட்டுந்தான் வீட்டுக்குப் போய்வருகிறாள். அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியிலேயே உட்கார்ந்தபடி தூங்கிக் கால் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வெந்நீர்ப் பிளாஸ்க்கை மேசையில் வைத்துவிட்டு, அதன் மூடியை இறுக்கித் திருகினாள். ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

டாக்டர் திரும்பி வந்து மறுபடி என்னிடம் ஆரம்பித்தார்.

"என்கிட்ட சொல்லாதீங்க டாக்டர். அவன்கிட்ட கேளுங்க. அவனுக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

மாணவர்கள் தரையைப் பார்த்தார்கள். டாக்டரின் முகம் கடுத்தது. ஆனாலும் கட்டில் பக்கம் திரும்பி, "சொல்லுப்பா, உனக்கு என்ன வேணும்?" என்றார்.

"இவங்கல்லாம் போகணும். அம்மாவும். நான் கையத் தூக்குனா நிறுத்தணும். நான் சொன்னப்புறம்தான் மறுபடி ஆரம்பிக்கணும்."

"நிறுத்தி நிறுத்திப் பண்ணா வலி ஜாஸ்தியாகும்ப்பா."

"பரவால்ல."

"ஒரு தடவ பாக்கலாம். முடியலன்னா மயக்கம்தான்."

"சரி."

காலையில் தட்டைப் பறிகொடுத்த அதே நர்ஸைக் கூப்பிட்டுக் கட்டிலைப் பக்கத்து அறைக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். பிறகு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். "இன்னொரு தடவ உதைச்ச, ஆம்பளன்னும் பாக்க மாட்டேன்," என்றாள் நர்ஸ். அவன் உதட்டோரம் கொஞ்சம் கோணியது. நான் அடையாள அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கட்டிலோடு உள்ளே நுழைந்தேன். தோளைப் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். அது நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சண்டை போட்டது நானல்லவா?

"நீயும்தான்," என்றான் தம்பி.

"நானுமா?"

"கதவச் சாத்திட்டுப் போ."

வெளியே அம்மா கதவையொட்டி நின்றிருந்தாள். என்னைப் பார்த்து அவள் ஒன்றும் கேட்கவில்லை. நல்லவேளை. உள்ளே உலோகத்தின் மேல் உலோகம் வைக்கும் ஓசை. நர்ஸ் ஏதோ மெல்லச் சொன்னாள். அதன்பின் ஒரு அலறல். அம்மா கைப்பிடியைப் பற்றிவிட்டாள். நான் குறுக்கே போய் நின்றேன்.

"விடுடி. பிள்ள துடிக்கிறான்."

"இரும்மா."

"நீ பெத்தியா?"

"இரும்மா, தயவுசெஞ்சு."

உள்ளே சத்தம் நின்றுபோயிருந்தது. கையைத் தூக்கியிருக்க வேண்டும். நர்ஸும் நிறுத்தியிருக்கிறாள். எவ்வளவு துணி வெளியே வந்தது, எவ்வளவு இன்னும் புண்ணுக்குள் இருக்கிறது, எதுவும் தெரியவில்லை. இனி மாட்டேன் என்றுகூடச் சொல்லிவிடலாம். சொன்னால் மயக்க ஊசிதான். நடைபாதையில் ஒருவன் துணிமூட்டை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். நாங்கள் இருவரும் மூச்சுவிடாமல் அந்த மரக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கரகரவென்று தடித்த ஒரு குரல் உள்ளேயிருந்து வந்தது. "ம்... இப்ப எடுங்க."

"டாக்டர் உள்ளயா இருக்காரு?" என்றாள் அம்மா. "அவர் அந்தப் பக்கம் போயிட்டாருன்னுல்ல நெனச்சேன்."

இல்லை என்று தலையாட்டினேன். அவள் கைப்பிடியை விட்டுவிட்டு, விரல்களை விரித்து உள்ளங்கையைக் கதவின் மேல் வைத்தாள். தள்ளவில்லை. எடுக்கவும் இல்லை.