மற்ற கம்பெனிக் கேமரா

1

இந்தக் கதை எனக்கு ஒரு கேமராக் கடையில் கிடைத்தது. பேட்டரி வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் கவுன்ட்டரில் இரண்டு கேமராக்களை வைத்துக்கொண்டு, இதை எடுப்பதும் அதை வைப்பதுமாக முக்கால் மணி நேரம் மதில்மேல் பூனையாக நின்றாள். கடைசியில் போனை எடுத்து, "ரெண்டுல எத வாங்கட்டும்?" என்று கேட்டாள். பதில் எனக்குக் கேட்கவில்லை. அவள் முகம் மாறியதைத்தான் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "மழை விட்டிருந்த அந்தக் காலையில், தொலைந்துபோன தன் கேமராவை நினைத்தபடி அவள்..."

வேண்டாம். மழையில்லாமல் எனக்குக் கதை தொடங்க வராது, அது என் வியாதி.

இரண்டாவது தொடக்கம்: அக்காவும் தங்கையும் பதினாறு வருஷமாகச் சேர்ந்து ஸ்டுடியோ நடத்துகிறார்கள். ஆளுக்கொரு கேமரா, பொதுவில் ஐந்து லென்ஸ். இருவருடையதும் ஒரே கம்பெனி. ஒரு கம்பெனி லென்ஸ் இன்னொரு கம்பெனிக் கேமராவில் பொருந்தாது.* வேலை நடுவே அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டுவாள். எந்த லென்ஸ் வேண்டும் என்று தங்கைக்குத் தெரியும்.

(* கம்பெனிப் பெயர்களைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் பாதிப் பேர் கதையை விட்டுவிட்டு என்னோடு மல்லுக்கு நிற்பீர்கள். பழைய கம்பெனி, மற்ற கம்பெனி, அவ்வளவுதான்.)

3

ஒரு நாள் தங்கை வேறு வேலைக்குப் போக, அக்கா மட்டும் தனியாக ஒரு வீட்டுக்குப் படமெடுக்கப் போனாள். திரும்பும்போது ரயிலில் பையை மறந்து இறங்கிவிட்டாள். கேமராவும் இரண்டு லென்ஸும் போயின. அவை போனால் போகட்டும். அன்றைய மெமரி கார்டும் அதில்தான் இருந்தது. ஒரு பெரியவரை அவருடைய ஐந்து பிள்ளைகளோடு உட்காரவைத்து எடுத்த படங்கள். திசைக்கொருவராக இருந்த பிள்ளைகள் ஒன்றுகூடியது அந்த ஒரு நாள்தான். எப்படிச் சொல்வது என்று சகோதரிகள் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒன்பதாம் நாள் பெரியவர் இறந்துபோனார்.

படம் கேட்டு மூத்த மகன் ஸ்டுடியோவுக்கு வந்தார். பின்னறையில் இருந்த அக்கா அவர் குரலைக் கேட்டாள். எழுந்து வந்து தாழ்ப்பாளில் கை வைத்தாள். வெளியே தங்கை சொல்லிக்கொண்டிருந்தாள்:

"படம் இல்லீங்க. தொலைஞ்சுபோச்சு. தப்பு எங்களுதுதான்."

"ஒண்ணுகூடவா இல்ல?"

அக்கா தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

(இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அவள் கதவைத் திறப்பதாக ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் அவள் திறக்கவில்லை.)

4

அதற்குப் பிறகு மூன்று வாரம் இருவரும் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசவில்லை. இப்போது கடை.

பழைய கம்பெனிக் கேமரா கனம். அக்காவுக்கு ஒரு வருஷமாக மணிக்கட்டு வலி. மற்ற கம்பெனியுடையதைத் தூக்கினால் தூக்கிய மாதிரியே இல்லை. ஆனால் அதை வாங்கினால் மிச்சமிருக்கும் மூன்று லென்ஸும் தங்கைக்கு மட்டும்தான் ஆகும். வாய் திறக்காமலே பாகம் பிரித்தது போல் ஆகிவிடும். பழையதையே வாங்கினால், ஒன்றும் நடக்காதவள் போல நாளைக்கும் தங்கையிடம் கை நீட்ட வேண்டும். அதை நினைக்கவும் அவளுக்குக் கூசியது.

"ரெண்டுல எத வாங்கட்டும்?"

"கை வலிக்குதுன்னுதானே மத்தத பாக்குற? அதையே வாங்கு. லென்ஸுக்கு ஏதாவது வழி பண்ணிக்கலாம்."

"அதுக்கில்லடி..."

"கேமராவ விடுக்கா. அன்னிக்கு நீ ஏன் வெளிய வரல?"

5

அக்காவுக்கு மூன்று பதில்கள் எழுதினேன்.

ஒன்றில் அழுகிறாள். அழவைப்பது சுலபம் என்பதால் அடித்துவிட்டேன். இன்னொன்றில், "பயமா இருந்துச்சுடி" என்கிறாள். உண்மைதான், ஆனால் தங்கைக்கும்தான் பயமாக இருந்திருக்கும். மூன்றாவதில், "நீ இருக்கியேன்னு..." என்று ஆரம்பிக்கிறாள். அதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை.

அந்தப் பெண் எந்தக் கேமராவோடு கடையை விட்டுப் போனாள் என்பதைப் பார்த்தேன். கேட்டால் சொல்லிவிடுவேன், அதில் ரகசியம் ஒன்றுமில்லை. பதிலைத்தான் நீங்கள் எழுதித் தர வேண்டும். அப்பாவோடு ஆஸ்பத்திரியில் தான் ஒருத்தனாகக் கிடந்த அந்த வாரம் நான் ஏன் வரவில்லை என்று என் தம்பி கேட்டு நான்கு வருஷமாகிறது. அவனுக்கே நான் இன்னும் சொல்லவில்லை.