டாக்டர் சிரிக்க மாட்டார்

ஓரகத்திகள் இரண்டு பேரும் சேர்ந்து வெப்சைட் தொழில் தொடங்கப் போகிறார்கள் என்று தெரிந்தபோது குடும்பத்தில் யாரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டிய அவசியமே வராது, அதற்குள் இருவரும் முட்டிக்கொண்டு பிரிந்துவிடுவார்கள் என்று எல்லாருக்கும் உள்ளூர ஒரு நம்பிக்கை. மாமியார் மட்டும் வாய்விட்டே சொன்னார்: "ஒரே அடுப்படியில ரெண்டு பேரையும் நிக்க வச்சுப் பாத்திருக்கேன். ஒரே கம்ப்யூட்டர் முன்னாடி எப்படி உக்காருவாங்கன்னு பாக்கலாம்."

ஆளுக்கொரு கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டார்கள். பிரச்சினை அதோடு தீர்ந்தது.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே ஒரு அறை கிடைத்தது. பெரியவளின் மேசை ஜன்னல் பக்கம், சின்னவளின் மேசை சுவர் பக்கம். நிறம், எழுத்து, படம், வாடிக்கையாளர்களோடு பேச்சு எல்லாம் பெரியவள் பாடு. பேச ஆரம்பித்தால் எதிராளி தன் கடையை மட்டுமல்ல, தன் கல்யாணத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் போனை வைப்பார். பக்கங்களைக் கட்டுவது, பட்டன்களை வேலை செய்ய வைப்பது, கடைசியில் எல்லாவற்றையும் ஏற்றி உலகத்துக்குத் திறந்துவிடுவது சின்னவள் பொறுப்பு. அவளுக்குப் பேச்சு குறைவு. பேசாமல் விட்டதெல்லாம் விரல் வழியாகப் போகும்.

இந்தத் தொழிலில் ஒரு தொல்லை உண்டு. நிறம் கேட்டால் வாடிக்கையாளர் உடனே சொல்வார், பிறகு ஏழு தடவை மாற்றுவார். 'எங்களைப் பற்றி' என்று ஒரு பக்கம் இருக்கிறதே, அதற்கு நாலு வரி எழுதித் தாருங்கள் என்றால் மட்டும் ஆள் காணாமல் போய்விடுவார். நாளைக்கு அனுப்புகிறேன் என்பார். அந்த நாளை வரவே வராது. பக்கத்தின் அழகைக் காட்ட அந்த இடத்தில் ஏதாவது எழுத்து இருந்தாக வேண்டும். மற்றவர்கள் யாருக்கும் புரியாத எதையாவது போட்டு நிரப்புவார்கள். சின்னவளோ அந்த வாடிக்கையாளரைப் பற்றித் தன் மனசில் பட்டதை எழுதி வைப்பாள். திரைச்சீலைக் கடைக்காரருக்கு, 'இவர் கடையில் துணியைத் தொட்டுப் பார்க்கலாம், ஆனால் இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே தொட வேண்டும்' என்று எழுதியிருந்தாள். பெரியவள் படித்துவிட்டு மேசையில் தலையைச் சாய்த்துச் சிரிப்பாள். உண்மையான வாசகம் வந்ததும் இதை அழித்துவிடுவார்கள். வெளியாள் யாரும் பார்த்ததில்லை.

அப்படித்தான் பல் டாக்டர் வந்து சேர்ந்தார்.

அடுத்த தெருவில் அவருக்கு கிளினிக். உயரமான மனிதர், இறுகிய முகம். "இந்த நீலம் பல்லுக்கு ஒத்து வராது" என்று மூன்று நீலங்களைத் தள்ளிவிட்டு, முதலில் காட்டிய நீலத்துக்கே திரும்பி வந்தார். படம் எடுக்கச் சின்னவள்தான் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனாள். எடுத்து முடித்த பிறகு, படங்களை டாக்டரிடம் காட்டக் காத்திருக்கும் அறையில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டியிருந்தது. அவளுக்கோ பல நாளாக வலது கடைவாய்ப் பல்லில் வலி. இடது பக்கமாகவே மென்று காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். உள்ளேயிருந்து மிஷின் சத்தம் கேட்டது. அது காதில் விழாமலிருக்க, போனை எடுத்து எதையாவது எழுதுவோம் என்று எழுதினாள்.

'எங்கள் டாக்டர் சிரிக்க மாட்டார். ஆனால் அவர் கை நடுங்காது. பல்லைப் பிடுங்கிவிடுங்கள் என்று வருகிறவர்களில் பாதிப் பேரைப் பிடுங்காமலே திருப்பி அனுப்புவார். இங்கே மீன்தொட்டி ஒன்று உண்டு. அதில் ஒரே ஒரு மீன். மிஷின் சத்தம் கேட்டால் அதுவும் மூலைக்கு ஓடிவிடும். ஆகவே பயப்படுவது நீங்கள் மட்டுமல்ல. வாருங்கள், உட்காருங்கள், மீனைப் பாருங்கள். உங்கள் முறை வந்தால் கூப்பிடுவோம்.'

மாதிரிப் பக்கத்தில் அதைப் போட்டுவைத்தாள். அதிசயமாக டாக்டரே வாசகம் அனுப்பிவிட்டார். அதிநவீனம், உலகத்தரம், ஒருங்கிணைந்த சிகிச்சை என்று வரிக்கு வரி கனமான சொற்கள். பெரியவள் எழுத்துப் பிழை பார்த்து, "போட்டுடு" என்றாள். சின்னவள் போட்டாள். ஆனால் அவளிடம் பக்கத்தின் இரண்டு பிரதிகள் இருந்தன. பல் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்த அந்தச் சாயங்காலம் அவள் ஏற்றிவிட்டது பழைய பிரதியை.

மறுநாள் காலை பெரியவளின் போன் அடித்தது. கிளினிக்கின் வரவேற்பு மேசையில் இருக்கும் பெண்.

"மேடம், என்ன நடந்துச்சுன்னு தெரியல. கிளினிக்கைத் திறந்ததிலிருந்து போன் ஓயல. எல்லாரும் மீன் இருக்கான்னு கேக்கறாங்க."

"என்ன மீன்?"

"எங்க மீன்தான். ஒருத்தர், அது இன்னும் மூலையிலதான் இருக்கான்னு கேட்டார்."

பெரியவள் திரும்பிப் பார்த்தாள். சின்னவள் ஏற்கெனவே பக்கத்தைத் திறந்திருந்தாள். யாரோ படித்து யாருக்கோ அனுப்ப, அவர்கள் இன்னும் பலருக்கு அனுப்ப, போன் போனாக அந்த வரிகள் பறந்துகொண்டிருந்தன. டாக்டர் எழுதிய வாசகத்தை எடுத்து, சரியான இடத்தில் வைத்து, ஏற்றிவிட்டு, சின்னவள் நாற்காலியில் சாய்ந்தாள்.

"அக்கா, என்னால உங்க பேரும் போச்சு."

"எனக்குன்னு தனியா என்ன பேரு? கதவுல ரெண்டு பேர் பேரும் ஒரே பலகையிலதானே இருக்கு" என்றாள் பெரியவள். "போன்ல சொல்ற விஷயமில்ல இது. எழுந்திரு, நேர்லயே போய்ச் சொல்லிடுவோம்."

அவர்கள் படி இறங்குவதற்குள் டாக்டரே கூப்பிட்டுவிட்டார். "வாங்க" என்ற ஒரே சொல். அதில் கோபம் இருந்ததா என்று கண்டுபிடிக்கத் தெரு முழுக்க யோசித்தும் முடியவில்லை.

கிளினிக்கில் உட்கார இடமில்லை. சிலர் மீன்தொட்டியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். இவர்களைப் பார்த்ததும் வரவேற்பு மேசைப் பெண் உள்ளே போகும்படி கையைக் காட்டினாள். டாக்டர் அறையில் இருந்த ஒரே இருக்கை நோயாளி நாற்காலி.

"உக்காருங்க" என்றார் சின்னவளைப் பார்த்து.

அவள் அதன் விளிம்பில், எந்த நேரமும் எழுந்து ஓடுகிற மாதிரி உட்கார்ந்தாள். பெரியவள் கதவருகே நின்று மன்னிப்பை ஆரம்பித்தாள். டாக்டர் கையை உயர்த்தினார்.

"கை நடுங்காதுன்னு எழுதியிருந்தீங்க. எப்படித் தெரியும்?"

சின்னவள்தான் பதில் சொன்னாள். "படம் எடுக்க வந்த அன்னிக்கு ஒரு அம்மாவுக்கு ஊசி போட்டீங்க. உங்க கையை மட்டும் வரிசையா எடுத்தேன். எந்தப் படத்துலயும் கை மங்கலா வரல. வேற யாரை எடுத்தாலும் ஒண்ணு ரெண்டாவது கலங்கிப் போயிடும்."

டாக்டர் தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"சிரிக்க மாட்டேன்னும் இருந்துச்சு."

"ஆமா டாக்டர்." பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"என் வீட்டுக்காரி அந்த வரியைச் சட்டம் போட்டு மாட்டணும்கறா." அவர் முகம் அப்போதும் மாறவில்லை. "அதுல ஒரு தப்பு இருக்கு."

"ஒண்ணா டாக்டர்? எல்லாமே தப்புதான், நாங்க உடனே..." என்று பெரியவள் குறுக்கிட்டாள்.

"மீனு. ஒண்ணில்ல, ரெண்டு. இன்னொண்ணு கல்லுக்குப் பின்னாடியே கிடக்கும். அது இதைவிடப் பயந்தாங்கொள்ளி. அதைத் திருத்திப் போடுங்க."

பெரியவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சின்னவள் நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்தாள்.

"அப்ப பழசையே திருப்பிப் போடவா?"

"அதுக்குத்தானே வரச்சொன்னேன். காலையில அதைப் படிச்சிட்டு வந்தவங்க, இப்ப அது எங்கேன்னு என்னைக் கேக்கறாங்க. நான் எழுதினதை என் மாமனாரே பாதியில மூடி வச்சிட்டார்." டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டார்: "எந்தப் பல்லு?"

"எது டாக்டர்?"

"வந்ததிலிருந்து கன்னத்துல கை வச்சிருக்கீங்க. பயந்தவங்களாலதான் அப்படி எழுத முடியும்னு படிச்சப்பவே நினைச்சேன். எந்தப் பல்லு?"

சின்னவள் எழுந்தாள். கதவைப் பார்த்தாள். பெரியவள் மெல்லக் கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

"எத்தனை நாளா இந்தக் கூத்து? நான் என்னடான்னா, உனக்கு என் சமையல் பிடிக்கலையோன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றாள். பிறகு பக்கத்தில் வந்து அவள் கையைப் பிடித்தாள். "உக்காரு. நான் எங்கயும் போகல."

பிடுங்க வேண்டியிருக்கவில்லை. சொத்தையைச் சுரண்டி அடைத்தால் போதும் என்றார் டாக்டர். சின்னவள் ஓரகத்தியின் விரல்களை நெரித்த நெரிப்பில் பெரியவளுக்குத்தான் கண்ணில் நீர் வந்தது. மிஷின் நின்றபோது, இவ்வளவுதானா என்று கேட்கச் சின்னவள் வாயெடுத்தாள். பாதி முகம் மரத்துப்போயிருந்ததால் குழறல்தான் வெளியே வந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் இரண்டு பேருக்குமாகப் பெரியவளே பேசிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு அவளுக்கு எதிர்ப்பேச்சே இல்லை, பரம சந்தோஷம்.

அறைக்கு வந்ததும் சின்னவள் வாசகத்தைத் திருப்பி ஏற்றினாள். மீன்களை இரண்டாக்கினாள். டாக்டர் எழுதியதிலிருந்து வேலை நேரத்தையும் விலாசத்தையும் மட்டும் எடுத்துக் கீழே வைத்தாள்.

அதற்குப் பிறகு வேலை வரும் விதமே மாறிவிட்டது. மீன் டாக்டருக்கு எழுதியது நீங்கள்தானா என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் படியேறி வந்தார்கள். சின்னவள் ஒவ்வொருவர் கடையிலும் போய் அரை நாள் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் எழுதுவாள். மெத்தைக் கடைக்காரர் தன் கடை மெத்தையில் ஒருநாளும் படுத்ததில்லை என்பது அப்படித்தான் தெரியவந்தது; அவரைப் படுக்க வைத்தார்கள், அவர் தூங்கிப்போனார், அந்தப் படத்தையே முகப்பில் போட்டார்கள். எல்லாருக்கும் இது ஒத்துவரவில்லை. ஒரு வக்கீல் படித்துவிட்டு, உலகத்தரம் என்ற சொல் ஏன் வரவில்லை என்று கோபித்துக்கொண்டு போனார். அவரைப் போகவிட்டிருக்கக் கூடாது என்று பெரியவளும், போனால் போகட்டும் என்று சின்னவளும் அன்று நன்றாகவே சண்டை போட்டார்கள். கீழே கண்ணாடிக்கடைக்காரர் மேலே நிமிர்ந்து பார்க்கிற அளவுக்கு. சாயங்காலம் ஒரே குடையில் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

போன வாரம் லிஃப்ட் பழுது பார்க்கும் ஒருவர் வந்தார். நாற்காலியில் உட்காராமலே, அவசரமாக, கையிலிருந்த கிரீஸைத் துணியால் துடைத்தபடி சொன்னார்:

"எங்க ஆளுங்க சொன்ன நேரத்துக்கு வரமாட்டாங்க, அது உண்மை. எங்கயாவது ஒரு லிஃப்டுல யாராவது மாட்டிக்கிட்டிருந்தா முதல்ல அங்கதான் ஓடுவோம். ஆனா வந்துட்டா, சரி பண்ணாம போகமாட்டோம். இதைக் கொஞ்சம் கௌரவமா எழுதித் தர முடியுமா?"

சின்னவள் அவர் பேசும்போதே தட்டச்சு செய்து முடித்திருந்தாள். திரையை அவர் பக்கம் திருப்பினாள். ஒரு சொல்கூட மாறாமல் அப்படியே இருந்தது. அவர் குனிந்து, உதடு அசைய இரண்டு தடவை படித்தார்.

"இது நான் பேசினதுதானே?"

"ஆமா. இதைவிடக் கௌரவமா எனக்கு எழுத வராது."

அவர் துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்துப் பையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பெரியவள் தன் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, "சொல்லுங்க, என்ன கலர் பிடிக்கும்?" என்று ஆரம்பித்தாள்.