முதல் இடத்துச் செருப்பு

“ஏம்மா, இந்த ஆறு மாசத்துல எங்காலு மொளச்சி வந்துட்டிருக்கும்னு நெனச்சிகினுகீறியா?”

மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, செங்கல்வராயன் நாகவல்லியிடம் இப்படித்தான் கேட்டார். கக்கத்தில் கட்டையை இடுக்கிக்கொண்டு, அவள் மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றார். கோபமாகக் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டே கேட்டார். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். நாகவல்லிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயோடு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

கேள்வியில் தப்பே இல்லை. சென்னையில் பாடி என்ற இடத்தில் லாரியிலிருந்து இரும்புக் கம்பிக்கட்டு இறக்கும்போது கீழே விழுந்தவர் அவர். இடது கால் உணர்ச்சி இல்லாமல் தொங்கிப்போய் நான்கு வருடம் ஆகிறது. ஆகஸ்ட் மாதம் மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு மனு போட்டார். ‘புகைப்படம் தெளிவில்லை’ என்று திரும்பி வந்தது. மறுபடி போட்டார். ‘முகவரிச் சான்று பொருந்தவில்லை’ என்று வந்தது. மூன்றாவது தடவை கணினி காட்டிய காரணம், ‘மருத்துவச் சான்று பழையது’. மனு போட்ட அன்றைக்கு அது புதுச் சான்றுதான். காத்திருந்ததில் அதற்கு வயதாகிவிட்டது.

உண்மையில் அந்த மூன்று காரணங்களையும் சொன்னது கணினி இல்லை. நாகவல்லி.

அம்பத்தூர்ப் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் அந்த உதவித்தொகை அலுவலகம் இருந்தது. நாகவல்லிக்கு அங்கே ஒப்பந்தத்தில் கணினி வேலை. முப்பது நாளைத் தாண்டிய மனு ஒன்றுகூட நிலுவையில் இருக்கக் கூடாது என்பது மேலிடத்துக் கண்டிப்பு. ஆனால் மனுக்களைப் பார்த்து முடிக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அதனால் மாதக் கடைசி நாளில் ஒரு வேலை நடக்கும். முப்பது நாளைத் தாண்டியவற்றை எல்லாம் ஏதாவது ஒரு காரணம் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். திரும்பிப் போனது நிலுவையில் வராது. அதே ஆள் மறுபடி போட்டால் புது எண், புதுத் தேதி. அலுவலகத்துக்குள் இதற்கு ‘வெள்ளையடிப்பு’ என்று பெயர்.

நாகவல்லிக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் தலைமை எழுத்தர் ராஜசேகரன். யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடிக்காத மனிதர்.

“யாருக்கும் இல்லைன்னு சொல்லலியேம்மா. திரும்பப் போடச் சொல்றோம், அவ்ளோதான். அவங்களுக்கும் நஷ்டம் இல்ல, நமக்கும் மெமோ இல்ல” என்பார்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும்.

கீழே வாசலில் இன்னொரு கணக்கு இருந்தது. திங்கட்கிழமைதோறும் விடியற்காலை ரயிலிலேயே ஆட்கள் வந்துவிடுவார்கள். பத்து மணி வரை நிற்க முடிகிற கால்களா அவை? செருப்பைக் கழற்றி வரிசையில் வைத்துவிட்டுச் சுற்றுச்சுவர் ஓரம் நிழலில் உட்கார்ந்துகொள்வார்கள். செருப்பு இல்லாதவர்கள் பையை வைப்பார்கள், தண்ணீர் பாட்டிலை வைப்பார்கள். முன்னால் இருப்பது நகர்ந்தால் பின்னால் இருப்பவர் அடுத்தவருடையதையும் சேர்த்து நகர்த்திவிடுவார். ஒரு வாரம் வேலை முடியாமல் திரும்பியவருக்கு அடுத்த வாரம் அதே இடம் உண்டு, விடாமல் வந்து வைத்தால். ஒரு திங்கள் தவறினால் கடைசிக்குப் போக வேண்டியதுதான். எழுதிவைத்த சட்டம் இல்லை. ஆனாலும் அங்கே யாரும் யாருடைய இடத்தையும் எடுத்ததில்லை.

மே மாத நடுவில் செங்கல்வராயன் நான்காவது மனுவோடு வந்தார். இடது கணுக்காலில் பெரிய கட்டு. மனுவின் ஓரத்தில் யாரையோ விட்டு எழுதச் சொல்லியிருந்தார்: ‘காலில் புண். வாரம் இரண்டு முறை கட்டு மாற்ற ஆஸ்பத்திரி போக வண்டிக்கூலி இல்லை. இந்தப் பணம் வந்தால்தான் முடியும். தயவு செய்து சீக்கிரம்.’ நாகவல்லி அதைப் படித்தாள். படித்துவிட்டு, ‘பதிவேற்றம் செய்யப்பட்டது’ என்று சீட்டுக் கொடுத்து அனுப்பினாள்.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து அவர் வரவில்லை. அவருடைய செருப்பு மட்டும் வந்தது.

அது அவருடையதுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். வலது செருப்பு தேய்ந்து ஓட்டை விழுந்து டயர்த்துண்டு வைத்துத் தைத்தது. இடது செருப்பு கடையில் வாங்கின அன்று இருந்த மாதிரியே இருக்கும். தரையில் படாத காலின் செருப்பு எப்படித் தேயும்? காவல்காரர் அய்யாசாமி ஒன்பதரைக்குக் கேட்டைத் திறக்கும்போது வாசலைப் பார்த்தபடி வரிசையில் முதலாவதாக அது இருக்கும். எடுத்துப் போட்டுக்கொள்ள யாரும் வர மாட்டார்கள். ஆனாலும் பின்னால் நிற்பவர்கள் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டே நிற்பார்கள்.

மாடியிலும் அப்படித்தான். வரிசைப்படி முதல் ஆள் அவர். நாகவல்லிக்கு எதிரே இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டாவது ஆள் உடனே உட்கார மாட்டார்.

“ஒரு நிமிசம் இரும்மா. மொத ஆளு கீறாரு இல்ல” என்று சுவரோரம் நின்றுகொள்வார்.

அந்த ஒரு நிமிடம் நாகவல்லி காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முதல் வாரம் வேடிக்கையாக இருந்தது. மூன்றாவது வாரம் அவள் நாற்காலியைப் பார்க்காமல் விசைப்பலகையைப் பார்த்தாள். நான்காவது வாரம் எதிரே யாரோ மூச்சு விடுவதை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல் இருந்தது.

ஜூன் மாதத்தில் இன்னொன்றைக் கவனித்தாள். கேட்டைத் தாண்டும்போது குனிந்து பார்த்தாள். இடது செருப்பின் குதிகால் தேய்ந்திருந்தது. பெருவிரல் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. நான்கு வருடமாக நடக்காத கால் நடக்கத் தொடங்கிவிட்டது.

“அண்ணே, இத யாரு கொண்டாந்து வெக்கிறாங்க?” என்று அய்யாசாமியிடம் கேட்டாள்.

“எனுக்கு இன்னாம்மா தெரியும்? நா கேட்டத் தொறக்க சொல்லோ கீது, பூட்ட சொல்லோ இல்ல. நடுவுல அதுவே எழுந்து ஊட்டுக்குப் பூடுதோ இன்னாவோ” என்றார் அவர். சிரித்தார். சிரித்துவிட்டுச் செருப்பை விட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

ஜூன் முப்பதாம் தேதி வெள்ளையடிப்பு நாள். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். வெயிலில் தகரக் கூரை மட்டும் சடசடத்துக்கொண்டிருந்தது. நாகவல்லி ஒவ்வொரு மனுவாகத் திறந்து காரணத்தைப் போட்டு அனுப்பிக்கொண்டு வந்தாள். செங்கல்வராயன் மனு வந்தது. நாற்பத்தாறு நாள். ‘ஆவணம் தெளிவில்லை’ என்பதைத் தேர்ந்தெடுத்தாள். பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

மாடிப்படியில் சத்தம் கேட்டது. டக்... தப். டக்... தப். கட்டை ஒரு படி, கால் ஒரு படி. அவசரமே இல்லாமல் ஏறி வந்தது. வாசற்படி வரை வந்து நின்றது.

நாகவல்லி எழுந்து போய்ப் பார்த்தாள். படிக்கட்டு காலி. கீழே அய்யாசாமி ஸ்டூலில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து உட்கார்ந்தாள். எதிர் நாற்காலி கிறீச்சிட்டது, யாரோ பாரத்தை மெல்ல இறக்கி உட்கார்ந்த மாதிரி.

அவளுடைய விரல் பொத்தானில் இறங்க மறுத்தது. மனுவின் ஆவணங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். முதல் தடவையாக முழுதாகப் படித்தாள். எல்லாம் சரியாக இருந்தது. படம் தெளிவு, முகவரி சரி, சான்று புதிது. ஒப்பிட்டுக் குறிப்பு எழுதி மேலே அனுப்புவதற்குப் பதினொரு நிமிடம் ஆயிற்று. பத்து மாதமாகப் பாக்கி இருந்தது அந்தப் பதினொரு நிமிடம்தான்.

சாப்பிட்டுவிட்டு வந்த ராஜசேகரன் திரையை எட்டிப் பார்த்தார்.

“ஒண்ணை மேல அனுப்பிட்டியே? நாப்பத்தாறு நாள்னு காட்டுமே, ரிவ்யூல கேப்பாங்களே!”

“கேக்கட்டும் சார்.”

“உன் கான்ட்ராக்டுக்கும் சேத்துக் கேப்பாங்க.”

“கேக்கட்டும் சார்” என்றாள் மறுபடியும். இவ்வளவு நாளில் அவள் அவரை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

அடுத்த இரண்டு திங்கட்கிழமையும் செருப்பு முதல் இடத்தில் இருந்தது. காலி நாற்காலியைப் பார்த்து நாகவல்லி யாருக்கும் கேட்காமல், “அனுப்பிட்டேன். வந்துடும்” என்றாள். ஜூலை பதினேழாம் தேதி ஆணை வந்தது. இருபதாம் தேதி திங்கட்கிழமை, ஆவடியில் முதல் ரயிலைப் பிடித்து ஆறு மணிக்கே அலுவலக வாசலில் வந்து நின்றாள். செருப்பை யார் கொண்டுவந்து வைத்தாலும் அவர்கள் கையில் ஆணையைக் கொடுத்துவிட வேண்டும்.

சுவரோரம் நாலைந்து பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மூன்று சக்கர வண்டியில் இருந்த சாவித்திரி, “இன்னா பொண்ணே, நீயும் மனு போட வந்துட்டியா?” என்று கேலி செய்தாள்.

ஆறேகாலுக்கு ஸ்டேஷன் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயது இருக்கும். கம்பெனியில் பெருக்கித் துடைப்பவர்கள் போடும் நீலச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டிருந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. காலில் அளவுக்கு மீறிய ஆண் செருப்பு. கழற்றி, வாசலைப் பார்த்து நேராக வைத்தாள். முந்தானையால் தூசி தட்டினாள். வெறுங்காலோடு திரும்பினாள்.

நாகவல்லி ஓடிப் போய் மறித்தாள். “அம்மா, நீங்க செங்கல்வராயன் அய்யாவுக்கு...?”

“சம்சாரம். முனியம்மா.”

“ஆர்டர் வந்துடுச்சிம்மா. அவர் எங்க?”

முனியம்மா காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். படிக்கத் தெரியவில்லை. “இன்னா எழுதிகீது இதுல?”

நாகவல்லி படித்தாள். “செங்கல்வராயன் என்பவருக்கு, வாழ்நாள் முழுவதும், மாதந்தோறும்...”

“அவுரு பூட்டாரு” என்றாள் முனியம்மா. “போன மாசக் கடைசி நாளு. மத்தியானம்.”

நாகவல்லிக்கு அந்த மத்தியானம் படியில் கேட்ட சத்தம் நினைவுக்கு வந்தது. எத்தனை மணிக்கு என்று கேட்கவில்லை.

“மூணாவது தபா திருப்பி அனுப்சீங்களே, அப்போ புது சர்ட்டிபிகேட்டுக்கோசரம் வேப்பம்பட்டுலேர்ந்து ஆறு தபா ரயில்ல ஏறி எறங்கினாரு. படியில காலு இடிச்சிகீது. செத்த காலு, இடிச்சது தெரியல. ஊட்டுக்கு வந்து பாத்தா எலும்பு தெரியுது. கட்டு மாத்தணும்னாங்க. பணம் வந்துரும் முனியம்மா, வந்ததும் ஆட்டோ வெச்சிகினு போலாம்னாரு. வந்துரும் வந்துரும்னே புண்ணு மேல ஏறிப்போச்சி.”

“நீங்களாவது மேல வந்து சொல்லியிருக்கலாமேம்மா...”

“வந்தேனே ஒரு தபா. மனு போட்ட ஆளுதான் வரணும்னு சொன்னியே. நீதான் சொன்ன.”

நாகவல்லி அந்த முகத்தை எவ்வளவு தேடியும் நினைவில் இல்லை.

“அப்புறம் ஏம்மா இன்னும் செருப்ப...”

“உள்ள உங்காளுங்க மூணு தபா மொதல்லேர்ந்து வரச் சொன்னாங்க. இங்க வெளியதான் அவுருக்கு மொத எடம் கெடச்சிது. செத்தப்புறமும் அவுர கடைசிக்கு அனுப்ப எனுக்கு மனசு வரல. காரியம் முடிஞ்சி இன்னிக்குத்தான் வேலைக்கு வரேன். பதினாறு நாளும் ஊட்டுவாசல் தாண்டல. ரெண்டு திங்கக்கெழம பூடுச்சே, எடம் இருக்குமோ போயிருக்குமோன்னு பயந்துகினே வந்தேன்.”

சுவரோரம் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாகவல்லி மெதுவாகக் கேட்டாள். “அந்த ரெண்டு வாரமும் செருப்பு...?”

“ஊட்ல, வாசப்படிக்குப் பக்கத்துல கெடந்துச்சி. ஏன்?”

சாவித்திரி புடவையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். அந்த இரண்டு வாரமும் செருப்புக்குப் பின்னால் இடம் விட்டு வண்டியை நிறுத்தியவள் அவள்.

நாகவல்லி முனியம்மாவின் பக்கம் திரும்பினாள். “அம்மா, மூணு தபாவும் திருப்பி அனுப்பினது நான்தான். உங்க பேப்பர்ல ஒரு தப்பும் இல்ல. மாசக் கணக்கு சுத்தமா தெரியணும்னு அனுப்பினேன்.”

முனியம்மா நிமிர்ந்து பார்த்தாள். பேசியது சாவித்திரி.

“இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தாளு மேல போய்க் கேட்டிருப்பாரு, அப்பீலாச்சும் பண்ணியிருப்பாரு. நீங்க குடுக்கவும் இல்ல, இல்லைன்னு சொல்லவும் இல்ல. திரும்பப் போடு, திரும்பப் போடுன்னீங்க. ஒருத்தர நிக்க வெச்சிகினே இருக்கறதும் ஒரு தண்டனதான் பொண்ணே. இல்லாதவனுக்கு லேட்டா குடுக்கறதும் குடுக்காததும் ஒண்ணுதான். உங்க கணக்குல அது ஒரு வரி. எங்களுக்கு அது ஒடம்பு, உசுரு.”

“இனிமே காரணம் இல்லாம ஒரு மனுகூட என் கையால திரும்பாது” என்றாள் நாகவல்லி. வரிசையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, உரக்கச் சொன்னாள். சொல்லும்போதே தெரிந்தது, அந்த வார்த்தை ஒருவருக்கு மட்டும் போய்ச் சேராது என்று.

முனியம்மா கையிலிருந்த ஆணையைப் பார்த்தாள். அதை இரண்டாக மடித்து நாகவல்லியின் கையில் திருப்பி வைத்தாள். அவள் வேலை செய்யும் கம்பெனியின் ஏழு மணிச் சங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. நீலச் சட்டையின் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, வெறுங்காலோடு சாலையில் இறங்கி நடந்தாள்.